பழைய பெட்டியின் வாயை அடைக்காதே

என் எழுத்து ஒரே அளவில் நிற்காது. சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறிவிடும், சில கீழே சரிந்துவிடும். அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படிக்கிற பிள்ளைகள் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டியிருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு தடவைதான் கேட்பேன். ஜெசிந்தாவோடு வேலை செய்தவர்கள் அவள் நினைவாக ஒரு மலர் போடுகிறோம் என்று எங்கள் ஊர் பனித்திட்டுக்கு வந்து, "நீங்க சொல்லுங்க தாத்தா, நாங்க எழுதிக்கறோம்" என்றார்கள். மாட்டேன் என்றேன். வாழ்நாளெல்லாம் எனக்காக வேறு யாரோதான் எழுதினார்கள். கட்டைவிரலை மட்டும் நான் நீட்டினேன். போன வருஷம்தான் மீனவர் கூடத்தில் நடக்கிற வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றேன். இதை நானேதான் எழுதுவேன்.

அவள் இறந்த செய்தியும் எழுத்தாகத்தான் வந்தது. படிக்கத் தெரிந்ததிலிருந்து போனில் வருகிற எதையும் நான் விடுவதில்லை. மருந்து விளம்பரமானாலும் சரி, காலை வணக்கமானாலும் சரி, ஒரு வரி முடிந்தால் ஒரு படகைக் கரையேற்றிய மாதிரி இருக்கும். அன்று காலை கஞ்சி குடித்துவிட்டு அப்படித்தான் சந்தோஷமாகத் திறந்தேன். "நம்ம ஜெசிந்தா மேடம்" என்று ஆரம்பித்திருந்தது. அவளுக்கு ஏதோ பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மெதுவாகப் படித்துப்போனேன். கடைசி வார்த்தைக்கு வந்துசேர எனக்கு நேரம் ஆனது. "காலமானார்" என்று இருந்தது. முன்பெல்லாம் இப்படிச் செய்தி வந்தால் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, மெல்லச் சொல்வார்கள். இந்தத் தடவை எழுத்து யாரையும் நடுவில் நிறுத்தாமல் நேராக என் முகத்தில் அடித்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். அவளுக்கு ஐம்பது கூட ஆகவில்லை.

அவளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெசிந்தா பாகூர்க்காரி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவர்கள். அவள் கம்ப்யூட்டர் படித்து, புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கடல் செய்தியைக் கரையோர ஊர்களுக்கு அனுப்புகிற கம்பெனி அது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் ஒரு பெட்டியோடு வந்தாள். செங்கல் அளவு இருக்கும். உள்ளே ஒரு சிம் கார்டு, மேலே ஒரு சோலார் தகடு. காற்று எப்படி, அலை எப்படி என்று கம்பெனி எழுத்தில் அனுப்பினால், பெட்டி அதைக் குரலாக்கித் தமிழில் சொல்லும். ஒவ்வொரு படகுக்காரன் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். கூடத்தில் ஒன்று வைத்து அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பஞ்சாயத்தார் எனக்குக் கொடுத்தார்கள். அது சொல்வதை நான் மைக்கில் ஊருக்குச் சொல்வேன். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

அவளைப் பற்றி இந்த மலரில் எல்லாரும் சிரித்த முகம் என்று எழுதுவீர்கள். நான் எழுதமாட்டேன். அவள் அப்படி ஒன்றும் சிரித்த முகம் இல்லை. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே யாரையாவது திட்டிக்கொண்டுதான் நிறுத்துவாள். போன் செய்தால் பாதி நாள் எடுக்கமாட்டாள். என்னை நைனா என்று கூப்பிடுவாள். அதே வாயால், "சோலார் தகட்டத் தொடச்சியா நைனா? காக்கா எச்சம் அப்புடியே கெடக்குது, இன்னா பாத்துக்கினு இருந்த?" என்றும் கேட்பாள். எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

இப்போது, பெட்டி வந்து பல வருஷம் கழித்து நடந்த ஒரு காலையைச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. காற்று, அலை கெட்டுப்போனால்தான் பெட்டி பேசும். அதனால் பெட்டி பேசவில்லை என்றால் கடல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்களே பேசிப்பேசி அப்படி ஆக்கிக்கொண்டோம். "இன்னாபா, பெட்டி இன்னா சொல்லுது?" "ஒண்ணும் சொல்லல." "அப்பறம் இன்னா, தள்ளு படக." இவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அன்றும் பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. ஏழுமலையும் அவன் மச்சானும் ஃபைபர் படகைத் தள்ளினார்கள். முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறியிருந்தது, அலை உயரமாக எழுந்தது. எங்கள் கண்ணெதிரே படகு கவிழ்ந்தது. கரையில் நின்ற எல்லாரும் இறங்கி இழுத்தோம். மச்சானுக்கு ஒன்றும் இல்லை. ஏழுமலைக்குத் தோள் எலும்பு முறிந்தது. இன்றைக்கும் அவனால் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. என்ஜின் கடலுக்குள் போனது.

பெட்டி கெட்டுப்போகவில்லை. கம்பெனி அன்று காலை எச்சரிக்கை அனுப்பியும் இருந்தது. ஆனால் முந்தின நாள் செய்தியின் அமைப்பைப் புதுசாக்கியிருந்தார்கள். போனில் பார்க்கிறவர்களுக்குப் படம், வரைபடம் எல்லாம் சேர்த்து அனுப்புவதற்காக. புது அமைப்பு என்பதால் செய்தியின் தலையில் ஒன்று என்றிருந்த எண்ணை இரண்டு என்று மாற்றினார்கள். எங்கள் பெட்டி அந்த இரண்டைப் பார்த்தது, இது எனக்கு வந்ததில்லை என்று வாயை மூடிக்கொண்டது.

அன்று மத்தியானமே ஜெசிந்தா கூடத்துக்கு வந்தாள். கம்பெனியிலிருந்து வேறு யாரும் வரவில்லை. ஏழுமலையின் மனைவி தனலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அங்கே வந்தாள். ஈரச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"இன்னாத்துக்குடி குடுத்த இந்தப் பெட்டிய? நீ குடுக்கறதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க வானத்தப் பாத்துத்தான போனாங்க? ஒழுங்கா வந்தாங்களா இல்லியா?"

ஜெசிந்தா தலையைக் குனியவில்லை.

"தப்பு என்னோடதுக்கா. தெரியாத நம்பர் வந்தா வாயத் தொறக்காதன்னு அந்தப் பெட்டிக்குச் சொல்லி வெச்சதே நான்தான். அப்ப சின்ன வயசு. அதுதான் பாதுகாப்புன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? நெனச்சா ஆச்சா?"

"ஆவாது. திருத்திட்டுத்தான் போவேன். அதுவரைக்கும் திட்டுங்க."

தனலட்சுமி திட்டினாள். அவள் முடிக்கும்வரை ஜெசிந்தா நின்றுகொண்டே கேட்டாள். பெரிய படிப்பு படித்தவர்கள் தப்பு நடந்தால் எவ்வளவு நீளமாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். இவள் நாலு வரியில் ஒத்துக்கொண்டாள்.

திருத்துவது சுலபமில்லை. உப்புக்காற்று போகாமல் இருக்கப் பெட்டியின் மூடியை ஒட்டிவிட்டிருந்தார்கள். உள்ளே எழுதி வைத்ததை வெளியிலிருந்து மாற்ற வழி வைக்கவில்லை. பெட்டியை மாற்ற முடியாது என்றால் அனுப்புகிறவன்தான் மாறவேண்டும். எனக்குப் புரியவேண்டும் என்று அவள் கரையில் கிடந்த மீன் கூடைகளைக் காட்டிச் சொன்னாள். செய்தி எழுதுகிற முறைக்கு எக்ஸ்எம்எல் என்று பெயராம். ஒவ்வொரு விவரமும் ஒரு கூடைக்குள் இருக்கும். காற்று என்று ஒரு கூடை, அலை என்று ஒரு கூடை. கூடையின் மேல் பெயர் எழுதியிருக்கும். எந்தக் கூடைக்கு என்ன பெயர் என்று பல தேசத்துக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

"அந்தப் பேர நாம மாத்தக் கூடாது நைனா. காத்துன்னு எழுதின கூடையில அலையப் போடக் கூடாது. பழைய கூடை ஒண்ணையும் எடுத்துடக் கூடாது. புதுசா சொல்றதுக்கு இருந்தா புதுக் கூடையா பக்கத்துல வெக்கணும்."

"வேற ஒருத்தனும் அதே பேர்ல ஒரு கூடை வெச்சிட்டா?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல எத்தினி ஏழுமலை?"

"தெருவுக்கு ஒருத்தன்."

"எப்பிடிப் பிரிக்கறீங்க?"

"இனிஷியல வெச்சுத்தான்."

"அதேதான். நம்ம கூடைக்கு நம்ம இனிஷியல் போட்டுடுவோம்."

ஆனால் இதெல்லாம் போதாது என்றும் அவளே சொன்னாள். புதுக் கூடையைப் பழைய பெட்டி திறக்காது, தாண்டிப் போய்விடும். அதில் உயிர் போகிற விஷயம் இருந்தால்? அதற்கு அவள் ஒரு சட்டம் வைத்தாள். "புதுசா சொல்றது அவ்ளோ முக்கியம்னா, அதப் பழைய வார்த்தையிலயும் ஒரு தரம் சொல்லு." முகத்துவார மணல் மேட்டுக்குப் புதுக் கூடையில் படத்தோடு நாலு பக்கம் அனுப்பு. அதோடு பழைய எச்சரிக்கைக் கூடையில் "முகத்துவாரம் சரியில்லை, போகவேண்டாம்" என்று ஒரு வரி போடு. செய்தியின் தலையில் இருக்கிற எண் பழையபடி ஒன்று என்றே இருக்கட்டும். இதைக் கம்பெனியில் ஒத்துக்கொள்ள வைக்க அவள் பல மாதம் சண்டை போட்டாள்.

எங்கள் பழக்கத்தையும் அவள் சும்மா விடவில்லை. கடல் நன்றாக இருக்கிற நாளிலும் விடியற்காலை ஒரு செய்தி வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். "இன்று எச்சரிக்கை இல்லை" என்று பெட்டி வாய்திறந்து சொல்லவேண்டும். பிறகு கூடத்தில் நின்று எங்களைப் பார்த்து விரலை ஆட்டினாள். "இனிமே பெட்டி பேசலன்னா ஒரே அர்த்தம்தான். கரையில நில்லு. நைனாவுக்குப் போன் பண்ணு. நைனா என்னத் திட்டுவாரு."

"நீ போன் எடுத்தாத்தான திட்றதுக்கு?" என்றான் ஒருவன் பின்னாலிருந்து. அன்றைக்குத்தான் அந்தக் கூடத்தில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளும் சிரித்தாள். சிரித்தால் நன்றாகத்தான் இருக்கும்.

சண்டை அதோடு முடியவில்லை. ஒருநாள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தனிக் கூடை எதற்கு என்று, புது விவரம் அத்தனையையும் பெட்டி வாய்விட்டுப் படிக்கிற கூடைக்குள்ளேயே கொட்டிவிட்டார். அன்று காலை ஊரில் இருக்கிற எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில், "எச் டி டி பி எஸ் சாய்கோடு சாய்கோடு" என்று தொடங்கி, புள்ளியும் எண்ணுமாகச் சொல்லிக்கொண்டே போயின. நிறுத்தவேயில்லை. பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். "தாத்தா, உன் பெட்டிக்குச் சாமி வந்துடுச்சு, வேப்பிலை எடுத்தாரவா?" என்று கேட்டாள் தனலட்சுமி. நான் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, அதைப் பெட்டியின் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். "யாரு செஞ்சதுன்னு தெரியும். இன்னிக்கு அவனுக்கு இருக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த செய்தி ஒழுங்காக வந்தது.

நான் வகுப்பில் சேர்ந்த பிறகு ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. தெரிந்த வார்த்தையை உரக்கப் படிப்பேன். தெரியாத வார்த்தை வந்தால் விரலால் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன். ஒரு பத்தி முடிந்ததும் அவள் கை தட்டினாள்.

"நைனா, இப்ப படிச்சதுல இன்னா சொல்லியிருக்கான்?"

"கரிக்கலாம்பாக்கத்துல நெல்லு வயல மனை போடறத நிறுத்தணும்னு மறியல் பண்ணியிருக்காங்க."

"பாதி வார்த்தைய வுட்டுட்டியே?"

"வுட்டா இன்னா? வெஷயம் வந்துடுச்சுல்ல?"

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அன்னிக்கு அந்தப் பெட்டிக்கு இதச் சொல்லிக் குடுத்திருக்கணும். தெரிஞ்சதப் படி, தெரியாதத வுட்டுட்டு மேல போ. அத வுட்டுட்டு, ஒரு நம்பர் புரியலன்னா கடையச் சாத்துன்னு சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை நான் மறக்கமாட்டேன். வருத்தம் இல்லை அது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தன் மேலேயே இருந்த கோபம். ஏழுமலையின் படகு கவிழ்ந்த பிறகு அவள் செய்த எந்தப் பெட்டியும் தெரியாத எண்ணைப் பார்த்து வாயை மூடியதில்லை என்று அவளோடு வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

அவளை அடக்கம் செய்த பிறகு எங்கள் கூடத்தில் இரங்கல் கூட்டம் போட்டோம். கம்பெனியிலிருந்து மேலாளர் பிரசன்னா வந்தார். நல்ல மனிதர்தான், ஜெசிந்தாவைப் பற்றிப் பேசும்போது அழுதுவிட்டார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு விஷயமும் சொன்னார். பழைய பெட்டிகளுக்காக ஒவ்வொரு செய்தியையும் பழைய வார்த்தையிலும் எழுதவேண்டியிருக்கிறதாம். அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தது ஜெசிந்தாதான். இனி முழுக்கப் புது அமைப்புக்கு மாறப்போகிறார்களாம். பெட்டிகள் நின்றுவிடும். செய்தியெல்லாம் போனில் வந்துவிடும்.

"இப்ப எல்லாரும் படிக்கறாங்க. நம்ம தாத்தாவே இந்த வயசுல போன்ல படிக்கறாரு. அத விட என்ன வேணும்?" என்று என்னைக் காட்டிக் கைதட்டினார். கூட்டமும் கை தட்டியது.

நான் எழுந்தேன்.

"சார், நான் படிக்கறேன். சந்தோஷம். எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல. ஆனா நான் படிக்கக் கத்துக்கினது இன்னொருத்தன் காதச் செவுடாக்கறதுக்கு இல்ல. ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சாலும் வெடியக்கால வலையும் கையுமா அலையில நிக்கறவன் ஈரக் கையால எந்தப் போன நோண்டுவான்? பெட்டி நின்னுச்சுன்னா ரெண்டு நாள் கரையில நிப்பான். மூணாம் நாளு வயிறு கேக்கும். படகத் தள்ளிடுவான். அப்பறம் நீங்க மாலை வாங்கிக்கினு வருவீங்க."

"தாத்தா, ஆள் இல்ல. அந்தம்மா இருந்தாங்க, செஞ்சாங்க…"

"அவ இல்லன்னா அவ போட்ட சட்டமும் இல்லியா?"

அவர் பதில் சொல்வதற்குள் தனலட்சுமி எழுந்துவிட்டாள். பெட்டியைக் கொடுத்ததற்காக ஜெசிந்தாவைத் திட்டிய அதே தனலட்சுமி. "சார், உங்க போன்ல முகத்துவாரம் எப்பிடி இருக்குதுன்னு படம் காட்றீங்களே, அது யாரு சொல்லி உங்களுக்குத் தெரியுது? தெனம் காலைல எங்க வூட்டுக்காரரு ஒத்தக் கைய வெச்சிக்கினு அங்க போய் நின்னு பாத்துட்டு உங்க ஆபீசுக்குப் போன் பண்றாரே, அது எந்தக் கூடையில வருது?"

தனலட்சுமி உட்காரவில்லை.

"எங்க பெட்டி வாய அடைச்சீங்கன்னா, எங்க வாயும் அடைச்சுக்கும். அப்பறம் நீங்க உங்க ஆபீஸ்லருந்தே முகத்துவாரத்தப் பாத்துக்கங்க."

பஞ்சாயத்தார் எழுந்து, ஊர் முடிவும் இதுதான் என்றார்கள். இரங்கல் கூட்டத்தில் இப்படிச் செய்யலாமா என்று வெளியூரிலிருந்து வந்த சிலர் முகம் சுளித்தார்கள். செய்யலாம். ஜெசிந்தாவுக்கு அழுகிற கூட்டத்தை விடச் சண்டை போடுகிற கூட்டம்தான் பிடிக்கும். அவளோடு வேலை செய்த இருவர் அங்கேயே முன்னால் வந்து, பழைய வரியை இனி நாங்கள் எழுதுகிறோம் சார், பெரிய வேலை இல்லை என்றார்கள். அவர்கள்தான் இந்த மலரைக் கேட்டு வந்த பிள்ளைகள். பிரசன்னா கடைசியில், "சரி, இப்போதைக்கு நிறுத்தல" என்றார்.

மறுநாள் விடியற்காலை பெட்டி, "இன்று எச்சரிக்கை இல்லை" என்றது. மைக்கில் ஊருக்குச் சொன்னேன். படகுகள் போயின.

அவளுடைய நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். படம் இல்லை, அவள் கொடுத்த பொருளும் இல்லை. கூடத்துப் பெட்டி ஊருடையது. நான் வைத்துக்கொண்டது அவளுடைய பிடிவாதத்தை. பழையவனை விட்டுவிட்டுத்தான் புதியது வரவேண்டும் என்று யாராவது பெரிய மனுஷத் தோரணையோடு சொன்னால், அது பொய், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும், செய்ய உனக்கு மனமில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிவிடுகிற பிடிவாதம். அவள் அதை ஒரு தடவை தப்புச் செய்து, ஒருவன் தோள் முறிந்து, அதற்கப்புறம் கற்றுக்கொண்டாள். கற்ற பிறகு விடவே இல்லை. நானும் விடப்போவதில்லை.

இப்போதைக்கு நிறுத்தவில்லை என்று பிரசன்னா வாயால்தான் சொல்லியிருக்கிறார். இனி எப்போதும் நிறுத்தமாட்டோம் என்று எழுத்தில் தரச்சொல்லி நேற்று கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை என்றால் அடுத்த வாரம் இன்னொன்று எழுதுவேன். எனக்கு இப்போது எழுதத் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.